கோள்வடிவ நெபுலா பற்றிய காட்சிப்பலகை: அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துத் தாருங்கள்

தோட்டத்து_டீச்சர் (ஹட்டன்)

வணக்கம். எங்கள் பாடசாலை வானியல் கழகம் மார்ச்சில் ஓர் இரவு வான்காட்சி வைக்கவிருக்கிறது. தரம் 10, 11 பிள்ளைகள் நாற்பது பேர். தொலைகாட்டி ஒன்றே ஒன்று: 150 மிமீ டொப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைகாட்டி), குவியத்தூரம் 1200 மிமீ. பார்வைத்துண்டுகள் இரண்டு, 25 மிமீயும் 10 மிமீயும். லைரா விண்மீன் தொகுதியின் வளைய நெபுலாவை, அதாவது எம் 57ஐ, காட்டலாம் என்று எண்ணி, பக்கத்தில் தொங்கவிட ஒரு பலகையும் எழுதியாயிற்று. அதில் இருப்பது:

"கோள்மண்டல நெபுலா என்பது ஒரு விண்மீன் வெடித்துச் சிதறும்போது உண்டாகும் வாயு வளையம். வளையத்தின் நடுப்பகுதி வெற்றிடம். இந்த வாயுவிலிருந்து பின்னர் கோள்கள் பிறக்கின்றன. எம் 57 பூமியிலிருந்து சுமார் 2,500 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது."

இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள். இன்னும் இரண்டு கேள்வி. படத்தில் சிவப்பும் பச்சையுமாக இருப்பது தொலைகாட்டியில் ஏன் சாம்பலாகத் தெரிகிறது? அது உண்டாகி எத்தனை ஆண்டு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மெதின் போயா விடுமுறை நாள் என்பதால் அன்றிரவையே குறித்திருக்கிறோம்.

பௌதிகக்_கொப்பி (பதுளை)

டீச்சர், கடைசி வசனம் மட்டும் தப்பியது. மற்ற மூன்றும் போக வேண்டும்.

முதலில் பெயர். வில்லியம் ஹேர்ஷல் 1781இல் யுரேனஸைக் கண்டவர். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய தொலைகாட்டியில் வட்டமாக, வெளிறிய தட்டுப் போலத் தெரிந்த சில பொருள்களுக்குக் கோளின் சாயல் இருந்ததால் அந்தப் பெயரை வைத்தார். சாயல் மட்டுந்தான், கோள்களோடு வேறு உறவு இல்லை. 'கோள்மண்டல' என்று எழுதினால் பிள்ளை அதற்குள் கோளைத் தேடும். 'கோள்வடிவ நெபுலா' என்று எழுதுங்கள். கோள்கள் உருவாவது விண்மீன் பிறக்கும் காலத்தில், அதைச் சுற்றிய தட்டிலிருந்து. இது விண்மீனின் கடைசிக் காலம்.

அடுத்தது வெடிப்பு. மிகப் பரவலான பிழை இதுதான், பயிற்சிக் கொப்பிகளில்கூட வருகிறது. வெடிப்பது சூரியனைப்போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு மேல் திணிவுள்ள விண்மீன்கள். 1054இல் சீனர்கள் பதிவு செய்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவில் வாயு செக்கனுக்கு 1,500 கிமீ அளவில் விரிகிறது. எம் 57இல் அது 20 முதல் 30 கிமீ. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

உண்மையில் நடப்பது நீண்ட கசிவு. சூரியன் போன்ற ஒரு விண்மீனை எடுங்கள். மையத்தில் ஐதரசன் தீர்ந்ததும் உள்ளகம் சுருங்கிச் சூடாகும், வெளியுறை ஊதிப் பெரிதாகும். இந்த நிலைதான் செம்பூதம். உள்ளக வெப்பநிலை 10 கோடி கெல்வினை எட்டும்போது ஈலியம் எரிந்து காபனும் ஒட்சிசனும் ஆகும். ஈலியமும் தீர்ந்தபின் நடுவில் காபன்-ஒட்சிசன் உருண்டை, அதைச் சுற்றி ஈலியம் எரியும் மெல்லிய ஓடு, அதற்கு வெளியே ஐதரசன் எரியும் ஓடு. இந்த ஏற்பாடு நிதானமாக எரியாது. ஈலிய ஓடு பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை திடீரென்று பற்றி அடங்கும். அந்தக் காலத்தில் விண்மீனின் ஆரை சூரியனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. மேற்பரப்பில் ஈர்ப்பு மிகத் தளர்வு, மேற்பரப்பு முழுவதும் ஓராண்டு அளவு காலத்தில் மூச்சுவிடுவது போல விம்மி அடங்கும்.

வாயுவை வெளியே தள்ளுவது எது என்பதுதான் பலர் விட்டுவிடும் படி. விம்மும்போது மேலெழும் வாயு குளிர்ந்து 1,500 கெல்வினுக்குக் கீழே இறங்கியதும் அதில் தூசி உறையும்: கரித்தூளும் சிலிக்கேற்றும். விண்மீனின் ஒளி வாயுவை ஊடுருவிப் போய்விடும், தூசியை ஊடுருவாது, தள்ளும். தள்ளப்படும் தூசி தன்னோடு வாயுவையும் இழுத்துக்கொண்டு செக்கனுக்கு 10 முதல் 15 கிமீ வேகத்தில் வெளியேறும். உச்சக் கட்டத்தில் ஆண்டுக்குச் சூரியத் திணிவில் இலட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், அது ஆண்டுக்கு மூன்று பூமி. அந்த வீதத்தில் சூரியத் திணிவில் 0.4 பங்கைக் கக்க 40,000 ஆண்டு பிடிக்கும். இதை வெடிப்பு என்று சொல்ல முடியுமா?

வெளியுறை போனதும் உள்ளே இருந்த சூடான கரு வெளிப்படும். சூரியன் அளவு விண்மீனில் மிஞ்சுவது 0.55 சூரியத் திணிவு அளவு. அது சுருங்கச் சுருங்க மேற்பரப்புச் சூடாகிக்கொண்டே போகும். 30,000 கெல்வினை அண்மிக்கும்போது கழியூதாக் கதிர் போதிய அளவு வந்துவிடும், 91.2 நானோமீற்றரைவிடக் குறுகிய அலைநீளம் ஐதரசனை அயனாக்கும், அதாவது அதன் இலத்திரனைப் பறிக்கும். அதுவரை இருட்டாகக் கிடந்த வாயு அப்போதுதான் ஒளிரத் தொடங்கும். கூடவே, கருவிலிருந்து செக்கனுக்கு 1,000 கிமீக்கு மேற்பட்ட மெல்லிய காற்று கிளம்பி, முன்னே மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் பழைய வாயுவை வாரிக்கொண்டு போகும். முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றுக்கு முன்னால் சருகு வரம்பு கட்டுமே, அப்படி. பிரகாசமான ஓரம் அந்த வரம்புதான். மெதுவான காற்றை வேகமான காற்று வாரும் இந்த இரு காற்று விளக்கத்தை வானியலாளர் சன் குவொக்கும் கூட்டாளிகளும் 1978இல் வைத்தார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: கரு சூடாக எடுக்கும் காலமும் வாயு கலைந்துபோக எடுக்கும் காலமும் ஒத்துவர வேண்டும். மிக இலேசான விண்மீனில் கரு சூடாகுமுன்பே வாயு கலைந்துவிடும், நெபுலா தெரியாது. சூரியன் அந்த எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது. ஆகவே 'சூரியனும் ஒருநாள் இப்படி அழகான வளையமாகும்' என்று பலகையில் எழுதிவிட வேண்டாம்.

ஊவாக்_காற்று (வெலிமடை)

திகதியை முதலில் மாற்றுங்கள் டீச்சர். போயா என்றால் முழுநிலா. வானம் முழுக்க வெளிச்சம், நெபுலா மூழ்கிவிடும். விடுமுறை கிடைக்கிறதே என்று பாடசாலைகள் போயாவைப் பிடிப்பதும், பிள்ளைகள் நிலாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. போயாவுக்கு ஒரு கிழமை கழித்து வரும் வெள்ளிக்கிழமையை எடுங்கள். நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும், முன்னிரவு முழுக்க இருட்டு.

பொருளையும் மாற்ற வேண்டும். எம் 57 மார்ச்சில் நள்ளிரவுக்குப் பிறகுதான் எழும். மார்ச் நடுப்பகுதியில் அதிகாலை நான்கரை மணிக்கு வடகிழக்கில் ஏறத்தாழ 40° உயரம். தரம் 10 பிள்ளைகளை நான்கரைக்கு யார் கூட்டிவருவது? அது முன்னிரவில் வசதியாக இருப்பது ஜூலை, ஓகஸ்ட்டில். அப்போது ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவ மழை. எங்கள் ஊவாப் பக்கத்துக்குக் கச்சான் காற்றோடு திறந்த வானம் கிடைக்கும். ஹட்டனுக்கு ஏற்றது பெப்ரவரி, மார்ச்சு வானம்.

உங்களுக்கு ஏற்றது என்ஜிசி 3242 என்ற இன்னொரு கோள்வடிவ நெபுலா. ஹேர்ஷல் 1785இல் கண்டது, 'வியாழனின் ஆவி' என்று ஒரு பெயர். மார்ச் பிற்பகுதியில் இரவு பத்து மணியளவில் தெற்கே 64° உயரத்தில் நிற்கும், மலை மறைக்காது. வானியல் பிரகாச எண் ஏறத்தாழ 8 (எண் கூடினால் மங்கல்). தெரியும் அளவு வியாழனை ஒத்ததுதான், ஆகவே சிறியது; ஆனால் ஒளி ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் தோட்டத்து ஸ்டோர் வெளிச்சம் கொஞ்சம் இருந்தாலும் தாங்கும்.

பிடிக்கும் வழி: ஹைட்ரா தொகுதியில் தனித்து நிற்கும் செம்மஞ்சள் விண்மீன் அல்பார்ட். அங்கிருந்து தென்கிழக்காக, கையை நீட்டிப் பிடித்த முஷ்டி ஒன்றரைக்குச் சற்று அதிகம், 17° அளவில், மியூ ஹைட்ரா என்ற விண்மீன். வெறுங்கண்ணுக்குத் தெரியும், பிரகாசமானது அல்ல. அதிலிருந்து தெற்கே 1.8°. உங்கள் 25 மிமீயில் உருப்பெருக்கம் 48, பார்வைப் புலம் ஒரு பாகை அளவு. அதாவது மியூவை நடுவில் வைத்துவிட்டுக் குழாயை இரண்டு புலம் தெற்கே இறக்க வேண்டும். டொப்சோனியனில் படம் தலைகீழாக இருப்பதால் எந்தப் பக்கம் தெற்கு என்று பகலிலேயே ஒரு மின்கம்பத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். இருட்டில் அரை மணித்தியாலம் வீணாகும் இடம் இதுதான்.

48 மடங்கில் அது விண்மீன் போலத்தான் இருக்கும், சற்றே ஊதிய, பச்சை கலந்த நீலப் புள்ளி. சந்தேகமென்றால் ஓ-த்ரீ பில்டரை (ஒட்சிசனின் பச்சை ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையே பிடித்து எடுத்துப் பாருங்கள். பில்டர் வரும்போது விண்மீன்கள் மங்கும், நெபுலா மங்காது. பிறகு 10 மிமீக்கு மாறினால் 120 மடங்கு. சின்னத் தட்டு, கொஞ்சம் நீள்வட்டமாகத் தெரியும். 25 மிமீயில் மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று நகர்த்துபவர்கள்தான் அதிகம்.

தெற்கே கீழ்வானம் திறந்திருந்தால் என்ஜிசி 3132 என்ற கோள்வடிவ நெபுலாவையும் முயலலாம், 43° உயரம் வரை வரும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின், 2022 ஜூலை 12இல் வெளியான முதல் படங்களில் ஒன்று அது. பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிவிட்டு உடனே பொருளைக் காட்ட முடிவது பெரிய காரியம்.

இருட்டு_மலை (தலவாக்கலை)

ஊவாக்காரர் காற்றை மட்டும் அறிந்தவர், நம் பக்கத்துப் பனியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச் பின்னேரத்தில் ஒரு மழை அடித்துவிட்டு வானம் திறக்கும்; நல்ல வானம்தான், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். டொப்சோனியனில் முதலில் பனி பிடிப்பது குழாய் வாயருகே உள்ள சின்ன ஆடி, அடுத்தது பார்வைத்துண்டு. காட்சி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு போகும், மேகம் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். கறுப்பு யோகா மெட் ஒன்றை வெட்டிக் குழாய் வாயில் 25 சென்ரிமீற்றர் நீளக் கழுத்தாகச் சுற்றிக் கட்டுங்கள். பனி பிடித்தபின் துணியால் துடைக்கவே வேண்டாம், பூச்சு கீறும். ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் போதும்.

தொலைகாட்டியை வகுப்பறையிலிருந்து நேரே எடுத்து வந்து பார்க்காதீர்கள். ஆடி வெளிக் குளிருக்கு வர முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். அதுவரை 120 மடங்கில் எல்லாம் கொதிக்கும் நீருக்குள் கிடப்பது போல ஆடும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளத்தை விட்டு மேட்டை எடுங்கள்; நள்ளிரவை நெருங்கும்போது மூடுபனி பள்ளத்தில்தான் முதலில் தேங்கும்.

கண்ணுக்கு இருட்டுப் பழக 20 முதல் 30 நிமிடம். டோர்ச்சுக்கு வெசாக் கூட்டுக்கு ஒட்டும் சிவப்புச் செலோபேன் மூன்று மடிப்பு. நாற்பது பிள்ளைகளில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் எல்லோருக்கும் மறுபடி அரை மணித்தியாலம், அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நிறக் கேள்விக்கு: மங்கிய ஒளியில் வேலை செய்வது விழித்திரையின் கோல் கலங்கள், அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் இருட்டுப் பழகிய கண் மிகக் கூர்மையாக உணர்வது 507 நானோமீற்றர் அளவை. நெபுலாவின் ஒளியைப் பிரித்தால் வரும் நிறக்கோடுகளில் வலுவானது, ஒட்சிசனுடையது, 500.7இல். ஆக, நம் கண் அந்த ஒளியைப் பிடிப்பதில் கெட்டிக்காரக் கண், நிறம் சொல்வதில்தான் குருடு. 656.3இல் உள்ள ஐதரசனின் சிவப்பு கோல் கலத்துக்கு அநேகமாகத் தெரியாது; கமரா அதைச் சேர்த்துச் சேர்த்து எடுக்கிறது. என்ஜிசி 3242 பரப்பளவில் பிரகாசமானது என்பதால் நிறம் பிரிக்கும் கூம்புக் கலமும் கொஞ்சம் விழிக்கும், பச்சை-நீலம் தெரிவது அதனால்தான். 

தோட்டத்து_டீச்சர்

திகதி மாற்றியாயிற்று, எல்லோருக்கும் நன்றி. ஒன்று விளங்கவில்லை. பிரகாசமான ஓரமும் இருட்டு நடுவும் படத்தில் தெளிவாகத் தெரிகிறதே, 'நடுப்பகுதி வெற்றிடம்' எப்படிப் பிழையாகும்? ஆண்டுக் கணக்கையும் யாரும் தொடவில்லை.

பௌதிகக்_கொப்பி

சவர்க்காரக் குமிழி ஒன்றை ஊதிப் பாருங்கள் டீச்சர். ஓரம் பளிச்சென்று, நடு கண்ணாடியாக இருக்கும். நடுவில் ஓட்டை இல்லை. ஓரத்தில் பார்வைக் கோடு படலத்தின் வழியே நெடுகச் செல்கிறது, நடுவில் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒளிரும் வாயு ஓட்டிலும் அதே கணக்கு. வகுப்பில் ஒரு நிமிடத்தில் செய்து காட்டலாம். ஆனால் எம் 57 வெறும் குமிழி என்று முடித்துவிடவும் முடியாது: அது ஒரு தடித்த பட்டி, அதன் அச்சு ஏறத்தாழ நம்மை நோக்கியே இருக்கிறது. நடுவில் மங்கிய வாயு நிறைந்திருப்பதை ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் அளவீடுகள் 2013இல் காட்டின. 2023இல் ஜேம்ஸ் வெப் எடுத்த படங்களில் ஏறத்தாழ 20,000 வாயு முடிச்சுகளும், வெளியே பத்தளவில் மெல்லிய வில் வரிகளும் தெரிந்தன. வரிக்கு வரி இடைவெளி 280 ஆண்டு அளவு. துணை விண்மீன் ஒன்று சுற்றிவரும்போது கசிவை அமுக்கி அமுக்கி விட்டிருக்க வேண்டும் என்பது விளக்கம். ஒற்றை விண்மீனின் கசிவு உருண்டையாகத்தான் போகும், வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவங்களுக்குத் துணையைத் தேடுவதே நியாயம்.

நிற அடுக்கும் இங்கேதான் வரும். விண்மீனுக்குக் கிட்ட வலிமையான கழியூதா. ஒட்சிசனின் இரண்டாவது இலத்திரனைப் பறிக்க 35.1 இலத்திரன்வோல்ற் சக்தி வேண்டும், ஐதரசனுக்கு 13.6 போதும். ஆகவே உள்ளே பச்சை-நீல ஒட்சிசன், வெளியே சிவப்பு ஐதரசனும் நைதரசனும். அந்த ஒட்சிசன் கோட்டுக்குத் தனிக் கதை உண்டு. 1864இல் வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் அதைப் பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் கண்டார். ஆய்வுகூடத்தில் எந்த மூலகமும் அதைத் தரவில்லை, 'நெபுலியம்' என்ற புது மூலகம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1927இல் பௌதிகவியலாளர் ஐரா போவன் அவிழ்த்தார்: அது இரண்டு இலத்திரன் இழந்த ஒட்சிசனின் கோடுதான். அதை விடும் சக்தி மட்டத்தில் இலத்திரன் அரை நிமிடத்துக்கு மேல் தங்கியிருந்துதான் ஒளியை விடும். நம் வளியில் அதற்குள் எண்ணற்ற மோதல்கள் நடந்து சக்தி களவாடப்பட்டுவிடும். நெபுலாவில் கன சென்ரிமீற்றருக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் துகள்தான், தொந்தரவு செய்ய ஆளில்லை.

இனி ஆண்டுக் கணக்கு. எம் 57 வளையத்தின் சராசரி ஆரை 40 வில்செக்கன் என்று வையுங்கள் (ஒரு வில்செக்கன் என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு). தூரம் 2,500 ஒளியாண்டு. ஓர் ஆரையனில் 206,265 வில்செக்கன் உண்டு, ஆகவே 2,500 × 40 ÷ 206,265 = 0.485 ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு 9.46 இலட்சம் கோடி கிமீ, ஆக ஆரை 4.6 இலட்சம் கோடி கிமீ. வேகம் செக்கனுக்கு 25 கிமீ என்றால் 18,400 கோடி செக்கன், ஆண்டுக்கு 3.156 கோடி செக்கனால் வகுத்தால் ஏறத்தாழ 5,800 ஆண்டு. வேகத்தை டொப்ளர் பெயர்ச்சியிலிருந்து, அதாவது வாயு நகர்வதால் அதன் ஒளியின் அலைநீளம் மாறும் அளவிலிருந்து, எடுக்கிறார்கள்: 500.7 நானோமீற்றர் கோடு, நம்மை நோக்கி வரும் பக்கமும் விலகிப் போகும் பக்கமுமாக, ஒவ்வொன்றும் 0.042 நானோமீற்றர் நகர்ந்து இரண்டாகப் பிளக்கும்.

பிள்ளைகள் வழுக்குமிடம் இரண்டு. விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை இரட்டிக்கும். மற்றது, டொப்ளர் தருவது நம் பார்வைத் திசை வேகம், ஆரை தெரிவது அதற்குக் குறுக்கே. எல்லாத் திசையிலும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டுதான் வகுக்கிறோம். எம் 57 உருண்டை இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டோம், ஆகவே விடையை '5,800' என்று எழுதாமல் 'ஏறத்தாழ 6,000' என்று எழுதச் சொல்லுங்கள்.

தோட்டத்து_டீச்சர்

புதிய பலகை இதோ:

"கோள்வடிவ நெபுலா: சூரியன் அளவிலிருந்து அதன் 8 மடங்குவரை திணிவுள்ள விண்மீன், முதுமையில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கசியவிட்ட வாயு, உள்ளே வெளிப்பட்ட சூடான கருவின் கழியூதாக் கதிரால் ஒளிர்வது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் கலைந்துவிடும்; கரு வெண் குறுமீனாக (சுருங்கிய சிறு விண்மீன்) எஞ்சும். இன்று பார்ப்பவை: என்ஜிசி 3242, என்ஜிசி 3132. என்ஜிசி 3132இன் நடுவில் தெளிவாகத் தெரியும் விண்மீனே அந்த வாயுவைக் கக்கியது."

ஊவாக்_காற்று

கடைசி வசனத்தைத் திருத்திவிட்டுக் கொடுங்கள். நடுவில் தெளிவாகத் தெரிவது பிரகாச எண் 10 அளவான ஒரு சாதாரண விண்மீன். வாயுவை அயனாக்கும் சூடு அதனிடம் இல்லை. கக்கியது அதிலிருந்து 1.7 வில்செக்கன் தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கிய வெண் குறுமீன், உங்கள் 150 மிமீக்கு அது எட்டாது. 'நடுவில் தெரிவது துணை. வாயுவைக் கக்கியது அதன் பக்கத்தில், நமக்குத் தெரியாமல் இருக்கிறது' என்று போடுங்கள். பிள்ளைகள் பார்வைத்துண்டை விட்டு நகரமாட்டார்கள், வரிசை நீளும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.